அபாக்கோவின் நீலக்குழியும் ஆம்பூரின் கழிவுத் தொட்டியும்

பஹாமாஸ் தீவுக்கூட்டத்தின் வடக்கே அபாக்கோ என்றொரு தீவு. அதன் பைன் காட்டுக்கு நடுவில், சாதாரணக் குளம் என்று யாரும் கடந்துபோய்விடக்கூடிய ஒரு நீர்க்குழி இருக்கிறது. சாமில் சிங்க் என்று பெயர். குகை முக்குளிப்பாளர் பிரையன் ககுக்கும் அவருடன் இருந்தவர்களும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதற்குள் இறங்கினார்கள். தீவிலிருந்து எப்போதோ மறைந்துபோன முதலைகளின் மண்டையோடுகளையும் ஆமை ஓடுகளையும் முழுசாக எடுத்து வந்தார்கள். அந்த எலும்புகள் கிடந்த ஆழத்துக்குப் போகும் வழியில், ஏறக்குறைய பத்து மீட்டர் கீழே, கலங்கிய ஒரு படலத்தைக் கடந்தாக வேண்டும். அதற்குள் நுழைந்ததும் விளக்கொளி மங்கிவிடும். வாயில் ரெகுலேட்டரைக் கடித்திருந்தாலும் அழுகிய முட்டையின் வாடை எப்படியோ வந்து சேரும். சருமம் அரிக்கும், தலை வலிக்கும், குமட்டும். எல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு செய்யும் வேலை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த வாயுவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்கவோ கசடு வாரவோ இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவரும் விழுந்தார் என்ற செய்தி இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் ஒரு பத்திச் செய்தி. இறந்தவர்களின் பெயர், வயது, ஊர், ‘போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரிக்கின்றனர்’. அதோடு முடிந்துவிடும்.

அங்கேயும் இருட்டு, இங்கேயும் இருட்டு. இரண்டிலும் ஒரே வாயு. இரண்டிலும் மனிதர் ஒருவர் மூச்சுவிட முடியாத இடத்துக்குள் ஒரு வேலைக்காக இறங்குகிறார். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாமா என்று தயங்குபவர்கள் இருப்பார்கள். ஒன்று அறிவியல், விருப்பத்தோடு செய்வது, பணம் உள்ள நாட்டுக்காரர்களால் நடத்தப்படுவது, மற்றது கூலி. அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒப்பிட வேண்டிய காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இறக்கங்களுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு சிலிண்டரோ முகமூடியோ அல்ல என்பது என் கருத்து. தொட்டியின் வாயிலோ குகையின் வாயிலோ நின்றுகொண்டு, ‘இன்றைக்கு நான் இறங்கவில்லை’ என்று சொல்லிவிட்டு, அதற்காக எதையும் இழக்காமல் வீடு திரும்ப முடிகிறதா என்பதுதான் அது.

முதலில் தீவு. பஹாமாஸ் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, மழைநீர் அந்தப் பாறையைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது குகைகள் மூழ்கின. சிலவற்றின் கூரை இடிந்து வாய் திறந்தது. அப்படித் திறந்த வாய்களைத்தான் நீலக்குழி என்கிறார்கள். ஜார்ஜ் பெஞ்சமின் என்ற கனடாக்காரர் ஆண்ட்ரோஸ் தீவின் நீலக்குழிகளுக்குள் நீந்திப் போய், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளைப் படமெடுத்தார். 1970 செப்டம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அப்படிப்பட்ட கூம்பு காற்றில் சொட்டும் நீரால் மட்டுமே வளரும், தண்ணீருக்குள் வளராது. கடல் ஒரு காலத்தில் அந்த இடத்தை விட்டு விலகியிருந்தது என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சியாக அது அமைந்தது.

தீவின் மழைநீர் எண்ணெய் மிதப்பதுபோலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. யாழ்ப்பாணத்தில் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் சுண்ணாம்புப் பாறைதான், மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படிப்பவர்களின் பழைய கணக்கு. உள்நாட்டு நீலக்குழிகளில் இந்த இரு நீரும் சந்திக்கும் மட்டத்தில்தான் வாயு பிறக்கிறது. காட்டின் இலைதழை, செத்த பூச்சி, பறவை எச்சம் எல்லாம் குழியில் விழுந்து, அடர்த்தி மாறும் அந்த மட்டத்தில் தங்கி அழுகுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. கடல்நீரில் தாராளமாக உள்ள சல்பேட்டைக் கொண்டு அழுகலைச் செரித்து, கழிவாக ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. வெளிச்சம் எட்டும் இடத்தில் ஊதாநிறக் கந்தக பாக்டீரியாக்கள் அந்தச் சல்பைடையே உணவாக்கிக்கொண்டு மேகம்போல மிதக்கின்றன.

படலத்துக்குக் கீழே தெளிந்த உப்புநீர். ஆக்சிஜன் இல்லாததால் எதுவும் எளிதில் மக்குவதில்லை. சாமில் சிங்கில் எலும்புகள் அத்தனை முழுமையாகக் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். டேவிட் ஸ்டெட்மேனும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவற்றைப் பற்றி எழுதினார்கள். கொல்லும் வாயுவே பல நூற்றாண்டுகளாகக் காவலும் இருந்திருக்கிறது.

மானிடவியலாளர் கென்னி பிராட் தலைமையில் நேஷனல் ஜியோகிராஃபிக் ஆதரவோடு நடந்த பயணம் இந்த வகையில் பெரியது. ஆண்ட்ரோஸ், அபாக்கோ உள்ளிட்ட தீவுகளில் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 150 முறை இறங்கினார்கள். 2010 ஆகஸ்ட் இதழில் அது வெளிவந்தது. ஜெனிஃபர் மெக்கலேடி என்ற நுண்ணுயிரியலாளர், பூமியில் ஆக்சிஜன் வருவதற்கு முந்தைய கடல்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த நீரில் தேடினார். டாம் இலிஃப் குகைவாழ் உயிரினங்களைத் தேடினார். அவருக்கு முன்பே, 1979-இல், கிராண்ட் பஹாமா தீவின் லுக்காயன் குகையில் ஜில் யேகர் கண்ணில்லாத, பூரான் போன்ற உடலமைப்புள்ள ஓர் உயிரைக் கண்டிருந்தார். 1981-இல் அது ரெமிபீடியா என்ற புதிய வகுப்பாகவே அறிவிக்கப்பட்டது. ஓட்டுடலிகளில் பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான் என்று பின்னாளில் மரபணு ஆய்வுகள் காட்டின. அதாவது அந்தத் தீவுகளில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பதிவு உண்டு. எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எவ்வளவு ஆழம், எவ்வளவு வாயு மிஞ்சியது, என்ன பார்த்தார்கள், எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

இனி நம் பக்கம். பாலாற்றுப் படுகையின் கீழே இருப்பது கடினப் பாறை. அதில் நீர் குடைந்த குகை கிடையாது. இங்கே இருட்டறைகளை எல்லாம் மனிதர்களே கட்டினார்கள்: சுண்ணாம்புக் குழி, தரைக்கடியில் ஓடும் கால்வாய், சேகரிப்புத் தொட்டி, கசடு தங்கும் தொட்டி. வாயுவையும் நாமே சமைக்கிறோம். உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்துக் கழுவிய பிறகு, மயிர் போக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் போடுகிறார்கள். சல்பைடு, தோலின் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருக்கும். அந்த நீரின் காரத்தன்மை (pH) 12-க்கு மேல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. சல்பைடு கரைந்த நிலையிலேயே அடங்கியிருக்கும். அடுத்த கட்டங்கள் நேர் எதிர். சுண்ணாம்பை நீக்க அமோனியம் உப்பு, பிறகு அமிலமும் உப்பும் சேர்ந்த குளியல், அதற்குப் பிறகு குரோம். அந்த அமிலநீர் சல்பைடு நீரோடு ஒரே தொட்டியில் சேர்ந்தால் காரம் சரசரவென்று இறங்கும். 7-ஐத் தொடும்போது சல்பைடில் பாதி ஹைட்ரஜன் சல்பைடாக மாறியிருக்கும். அதற்கும் கீழே போனால் ஏறக்குறைய முழுவதும்.

கசடு இன்னொரு வகை. அபாக்கோவின் இலைக்குப்பையில் நடப்பதே இங்கே மயிரும் கொழுப்பும் சதைத்துணுக்கும் படிந்த அடிமண்டியில் நடக்கிறது. அதே வகை நுண்ணுயிர்கள், அதே சல்பேட், அதே வாயு. அது கசடுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். மேலே நின்று மோந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒருவர் இறங்கி மண்வெட்டியால் கிளறும்போதுதான் திரண்டு மேலே வரும். காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கனமானது என்பதால் தொட்டியை விட்டு எளிதில் வெளியேறாது.

இந்த வாயுவின் மிகக் கொடிய குணம், அது தன் அடையாளத்தைத் தானே அழித்துவிடுவது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்பம் மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அபாயம் உச்சத்தில் இருக்கும். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். ‘நாற்றம் குறைஞ்சிருச்சு, இறங்கலாம்’ என்று ஒரு மேஸ்திரி சொல்வது அறியாமையிலிருந்து வரலாம். ஆனால் அந்த வாக்கியம் மரண ஆணைதான்.

குகை முக்குளிப்பாளர்களும் ஒரு காலத்தில் அறியாமையில்தான் செத்தார்கள். பலருக்கு இது தெரியாது. பாதுகாப்பு என்பது பணக்கார நாடுகளில் தானாகவே முளைத்தது என்று நினைத்துவிடுகிறோம். 1960, 70-களில் ஃபுளோரிடாவின் நீரூற்றுக் குகைகளில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அவர்களில் கடலில் முக்குளிக்கத் தெரிந்த பயிற்சியாளர்களும் உண்டு. குகைகளை அடைத்துவிட வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. அப்போது ஷெக் எக்ஸ்லி என்ற பள்ளி ஆசிரியர், தானே குகைகளில் ஆயிரக்கணக்கான முறை இறங்கியவர், இறந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார். 1979-இல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சாவிலிருந்து தொடங்கி ஒரு விதியில் முடியும்.

அந்த விதிகள் எவ்வளவு எளியவை என்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. திறந்த நீர்வரை அறுபடாத ஒரு வழிக்கயிறு வேண்டும். எடுத்துச் செல்லும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு யாருக்காவது நெருக்கடி வந்தால். ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்கு. கொண்டுபோகும் வாயுவுக்கும் பயிற்சிக்கும் பொருந்தாத ஆழத்துக்குப் போகக் கூடாது. இவற்றோடு பயிற்சி இல்லாமல் இறங்காதே என்பதும் பின்னர் சேர்ந்தது. கூடவே, எழுதப்பட்ட எல்லா விதிகளுக்கும் மேலாக, குகை முக்குளிப்பாளர் யாரைக் கேட்டாலும் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் இறக்கத்தை நிறுத்தலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் போதும், குழு திரும்பிவிடும். காரணம் கேட்பதில்லை. பல ஆயிரம் டாலர் செலவழித்து, விமானம் ஏறி, படகு பிடித்து வந்த பயணமாக இருந்தாலும், கடைசியாகச் சேர்ந்த கற்றுக்குட்டி ஒருவர் விரலைத் தூக்கினால் அன்றைய வேலை முடிந்தது.

எக்ஸ்லியும் 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் சகத்தோன் நீர்க்குழியில், உலகில் எவரும் எட்டாத ஆழத்தைத் தேடிப்போய் இறந்தார். அவருடைய தோழர்கள் அதையும் ஒரு விபத்தாக எடுத்து ஆராய்ந்தார்கள். கருவிகளில் பதிந்திருந்த அளவுகளைப் பார்த்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். விதிகளைத் தந்தவர் என்பதற்காக அவர் சாவை மூடி மறைக்கவில்லை. அமெரிக்கக் குகை ஆய்வுச் சங்கம் குகை விபத்துகளைத் தொகுத்து வெளியிடும் அறிக்கைகளை வாசித்தால், ஒவ்வொரு சாவும் அடுத்து இறங்கப்போகிறவருக்கு எழுதிய கடிதம் என்றே தோன்றும்.

இங்கே விதி இல்லையா? இருந்தது. எக்ஸ்லியின் புத்தகத்துக்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைந்த இடங்களைப் பற்றியது. அது சொன்னது இது: வெளியேற வசதியான அளவுள்ள திறப்பு இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. வாயுவை வெளியேற்ற இயன்றதெல்லாம் செய்ய வேண்டும். அதற்கு மேல், தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து ‘ஆபத்தில்லை’ என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு பூட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கயிறு! பஹாமாஸ் குகையில் உயிர் காக்கும் அதே கயிறு, இந்தியச் சட்டப் புத்தகத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவந்தது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1948-இல்தான். சட்டமும் அறிவியலும் ஒரே ஆண்டில் இந்தத் தொழிலின் வாசலுக்கு வந்து நின்றிருக்கின்றன. தொட்டிக்குள் மட்டும் இறங்கவில்லை.

ஏன்? இந்தக் கேள்விக்கு அலட்சியம், ஊழல், ஆய்வாளர் பற்றாக்குறை என்று வழக்கமான பதில்கள் உண்டு. அவை பொய் அல்ல. ஆனால் எனக்குப் போதுமானவையாகப் படவில்லை. குகை முக்குளிப்பில் விதியை எழுதியவர்கள் இறங்குபவர்களே. கயிறு அறுந்தால் சாகப்போவது தாங்கள்தான் என்று தெரிந்தவர்கள், தங்களுக்காகவும் தங்கள் தோழருக்காகவும் எழுதினார்கள். அதனால்தான் எந்த ஆய்வாளரும் இல்லாத காட்டுக்குள்கூட அந்த விதி பின்பற்றப்படுகிறது. நம் சட்டத்தை எழுதியவர் இறங்கவில்லை. அதை நிறைவேற்ற வேண்டியவர் இறங்கவில்லை. இறங்குபவரோ அப்படி ஒரு பிரிவு இருப்பதையே அறியாதவர். அவர் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ஆள். பெரும்பாலும் தலித். இல்லாவிட்டால் மேற்கு வங்கத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, டேனரி வளாகத்திலேயே தங்கி, வேலையும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவர். மறுத்தால் அன்றைய கூலி போகும், ஒருவேளை இருப்பிடமும் போகும்.

போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு கதவு சற்றே திறந்தது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் சேர்க்கப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளர் அஞ்சினால் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம் என்று ஒரு பிரிவு வந்தது. நிர்வாகம் ஒப்புக்கொண்டால் சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயம் ஆய்வாளரிடம் போகும், அவர் முடிவே இறுதி. நல்ல பிரிவுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள். தொழிலாளர் ‘தெரிவிக்கலாம்’. நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அபாக்கோவில் கற்றுக்குட்டியின் கட்டைவிரல் செய்யும் வேலையை, இங்கே மூன்று அலுவலகங்கள் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. தொட்டியின் மூடி திறந்து கிடக்கும்போது அத்தனை நேரம் யாருக்கு உண்டு?

மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை போராடிப் பெற்றவை, மதிக்கத்தக்கவை. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறைகள் மனிதக் கழிவு சேரும் இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தோல் கழிவு மட்டும் தேங்கும் தொட்டி அந்த வரையறையின் விளிம்பில் நிற்கிறது. இறந்தவர் எந்தச் சட்டத்தின் கீழ் இறந்தார் என்ற வழக்காடலிலேயே குடும்பத்தின் ஆண்டுகள் கரையலாம்.

வேலூர் வட்டாரத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த மண்ணின் கிணற்று நீரால் எழுதப்பட்டது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உண்மையான வேகம் வந்தது. பின்னர் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடும் வந்தது. பாலாற்றுக்கு அது அவசியம். 2025 ஜனவரி 30-இலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் பற்றி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் ஆற்றின் காயம் இன்னும் ஆறவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் ஆற்றில் விடாத கழிவு எங்கோ தேங்கித்தானே ஆக வேண்டும்? தொட்டிகள் பெருகின, ஆழமாயின, கசடு குவிந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்கக்கூட இல்லை. தொட்டியே அவர்களைத் தேடி வந்தது. பத்தாண்டு கழித்து, 2025 பிப்ரவரி 2-இல், கொல்கத்தாவின் பாந்தலா தோல் வளாகத்தில் மேன்ஹோலைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் மாண்டார்கள். இங்கிருந்து அங்கேயோ, அங்கிருந்து இங்கேயோ, தோல் தொழிலின் சாவு ஒரே மக்களைச் சுற்றியே நடக்கிறது.

காப்பாற்றப் போனவர்கள் சாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட குறிப்பில், அடைந்த இடங்களில் இறந்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப் போனவர்கள் என்று சொன்னது. நம் செய்திகளிலும் அதே வரிசை: ஒருவர் விழுந்தார், மற்றவர் குதித்தார், மூன்றாமவர் எட்டிப் பார்த்தார். தோழன் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத அந்த மனம்தான் இங்கே மனிதரைக் கொல்கிறது. குகை முக்குளிப்பாளர்கள் அந்த மனத்தை அறிந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கு காற்றைத் தொடாமல் வைப்பது அதற்காகவே. தோழனைக் காப்பாற்ற வேண்டிய நொடியில் உன் உயிரைப் பணயம் வைக்காமல் செய்ய உனக்கு வழி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டார்கள். 36-ஆம் பிரிவின் கயிறும் அதற்குத்தான்: இறங்காமலே இழுத்துவிடலாம். அன்பைத் தடுக்க முடியாது. அன்புக்கு ஒரு கயிறு கொடுக்கலாம்.

இறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதிலும் இரு உலகங்களும் பிரிகின்றன. இங்கே வழக்கு, பிரேதப் பரிசோதனை, நிவாரணக் காசோலை, சில நாள் ஆலை மூடல். யார் குற்றவாளி என்ற கேள்வி எழுகிறது, எழவும் வேண்டும். ஆனால் எப்படி நடந்தது என்ற கேள்விக்கு விடை பொதுவில் வருவதில்லை. அன்று காலை எந்த டிரம்மிலிருந்து அமிலநீர் விடப்பட்டது? அது சல்பைடு நீரோடு எந்த இடத்தில் சேர்ந்தது? மூடி எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது? வாயு அளக்கும் மீட்டர் வளாகத்தில் இருந்ததா, இருந்தால் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? இறங்கச் சொன்னவர் யார், அவர் எந்த அவசரத்தில் இருந்தார்? இதை எழுதித் தமிழில் அச்சிட்டு, ஆம்பூரில் ஒவ்வொரு டேனரியின் வாசலிலும், வங்காளத்திலும் இந்தியிலும் சேர்த்து ஒட்டினால், அடுத்தவர் படித்துவிட்டு இறங்க மாட்டார். ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் குகை வாயில்களில் எலும்புக்கூட்டின் படத்தோடு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் அதைத் தாண்டக் கூடாது. நம் தொட்டிகளின் மூடியில் சில இடங்களில் ‘அபாயம்’ என்று எழுதியிருக்கும். யாரைத் தடுக்க அது எழுதப்பட்டது? அந்த மூடியைத் திறக்கச் சொல்வது அதே ஆலையின் மேலாளர்தானே.

ஓரிடத்தில் இந்த ஒப்பீடு முற்றாக நின்றுவிடுகிறது. அங்கேதான் நம் பொறுப்பு பல மடங்காகிறது. நீலக்குழியின் வாயுவை யாராலும் நீக்க முடியாது. காடும் கடலும் நுண்ணுயிரும் சேர்ந்து செய்வது அது. நீக்கினால் எலும்புகளும் மக்கிவிடும், ஆய்வுக்கே பொருளிருக்காது. முக்குளிப்பாளருக்கு இருக்கும் ஒரே வழி, அதைத் தாங்கிக்கொண்டு விரைந்து கடப்பது. ஆம்பூரின் வாயு அப்படி அல்ல. அது ஒரு செய்முறையின் விளைவு, செய்முறையை மாற்றலாம். சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரையும் அமிலநீரையும் தனித்தனிக் குழாய்களில் கொண்டுபோவது முதல் படி. சுண்ணாம்பு நீரில் சிறிதளவு மாங்கனீசு உப்பிட்டுக் காற்றை ஊதினால் சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறும். இது பழைய, நிறுவப்பட்ட முறை. சல்பைடைக் குறைத்தோ தவிர்த்தோ நொதிகளால் மயிர் போக்கும் முறைகளை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. கசடை ஆளின்றி உறிஞ்சும் பம்புகள் உண்டு. செப்டிக் டேங்குகளுக்காகச் சென்னை ஐ.ஐ.டி. ஹோமோசெப் என்ற இயந்திரத்தைச் செய்திருக்கிறது. கேரளத்தில் உருவான பேண்டிகூட் மேன்ஹோல்களில் இறங்குகிறது. ஐரோப்பாவுக்குக் காலணி அனுப்பும் நிறுவனங்களுக்கு வேண்டிய தோல் இந்த வட்டாரத்தில் தயாராகிறது. இடுப்புப் பட்டை, கயிறு, காற்றூதி, வாயு மீட்டர் எல்லாம் சேர்த்தாலும் அந்த வியாபாரத்தில் அது ஒரு கணக்கே அல்ல.

ஆனாலும் பம்பு பழுதாகும், குழாய் அடைக்கும், எங்கோ ஒரு நாள் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். அந்த நாளுக்காக, நிறுத்தும் அதிகாரத்தை இறங்குபவர் கையிலேயே கொடுக்கும் ஒரு வரி விதிகளில் வேண்டும். மறுத்தவரின் கூலியும் இருப்பிடமும் போகாது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தம் பேசும் மேசையில் அதைக் கேட்கலாம். பிராண்டுகள் ஆலைகளைத் தணிக்கை செய்ய வரும்போது, கையுறை, முகமூடி, தீயணைப்பான் என்று எண்ணிக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், இந்த ஆண்டு எத்தனை பேர் தொட்டியில் இறங்க மறுத்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம். ஒருவரும் மறுக்கவில்லை என்று பதில் வந்தால், அந்த ஆலையின் தொட்டிகளை அவர்கள் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.